மூன்றாவது வயர்

எங்கள் ஊரில் டெஸ்டர் வைத்திருப்பவன்தான் எலெக்ட்ரீஷியன். என்னிடம் ஒன்று இருந்தது. தொழில் என்னவோ சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது. ஆனாலும் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பிடியொன்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால், மரணாதார சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் என்னை ஏகமனதாக மின்சாரப் பொறுப்பாளராகத் தெரிவு செய்தார்கள். என் மனைவி சுமனா மட்டும் பின்வரிசையிலிருந்து, "இந்த மனுசனுக்கு எங்க வீட்டு மணியே அடிக்க வைக்கத் தெரியாது" என்றாள். அவள் அந்த வருடம் உறுப்புரிமையைப் புதுப்பிக்கவில்லை என்பதால் அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

சாவு வீட்டுக்கு வேண்டியதெல்லாம் சங்கத்தில் உண்டு. கூடாரம், நாற்காலிகள், கோப்பைகள், வெள்ளைக் கொடி கட்டக் கயிறு, கேரம் போர்டு இரண்டு, தேத்தண்ணிக்குக் கரண்டில் கொதிக்கும் பாய்லர் ஒன்று. இவற்றோடு 'நீள வயர்'. நூறடி நீளம், ஒரு முனையில் சதுரக் கால் பிளக், மறுமுனையில் நாலு துளைப் பலகை. ஊரில் யார் செத்தாலும் முதலில் கொடி போகும், இரண்டாவதாக இந்த வயர் போகும். விகாரையிலிருந்து பிக்குமார் வருவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மார்ட்டின் மாமா போனார். எண்பத்தொரு வயது. ஊரில் ஒரு சாவு வீட்டுத் தேத்தண்ணியையும் தவறவிடாதவர். புதனன்று காலையிலிருந்தே மழை. பின் விறாந்தையில் பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. பிணம் கிடக்கும் வீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. சோறு கறி அக்கம்பக்கத்திலிருந்து வரும். தேத்தண்ணியை மட்டும் இந்த பாய்லர் பார்த்துக்கொள்ளும். கரண்டுக்கு நெருப்பு இல்லையே, அதனால் வழக்கத்துக்கும் பழுதில்லை.

மத்தியானம் தாண்டி, கூடாரத்தில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். சுமனா வலது கை விரல்களை இடது கையால் நீவிக்கொண்டே வந்தாள். மகளின் பெயரைச் சொல்லித்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

"நெலுமோட அப்பா, அந்த பாய்லர் கடிக்குது."

"கடிக்குதுன்னா?"

"குழாயத் திருகினா விரலில இருந்து முழங்கை வரைக்கும் எறும்பு ஊருது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்தான்."

"எப்ப இருந்து?"

"காலையில இருந்து. பயப்படாதீங்க, சோமலதா ஒரு வழி கண்டுபிடிச்சிட்டா. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வெச்சிருக்கோம். யார் தேத்தண்ணி ஊத்துறாங்களோ அவங்க போட்டுக்கணும். ஆள் மாறினா செருப்பும் மாறும்."

சோமலதா மார்ட்டின் மாமாவின் மகள். அப்பா உள்ளே கிடக்கும்போதும் ஒழுங்கு வைக்கத் தெரிந்தவள். வேறு நாளாக இருந்தால் அந்தச் செருப்பு முறையை நினைத்துச் சிரித்திருப்பேன்.  அன்றைக்குக் கம்பைப் போட்டுவிட்டுப் பின் விறாந்தைக்கு ஓடினேன். தரை முழுக்க ஈரம். கோப்பை கழுவுகிற பெண்கள் மூன்று பேர், மூவரும் வெறுங்கால். அதில் ஒருத்தி பாய்லரின் பக்கமாகச் சாய்ந்து கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க! யாரும் அதத் தொடாதீங்க!"

திரும்பி முன் அறைக்கு ஓடி, மார்ட்டின் மாமாவின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு போய், சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி எடுத்தேன். விரித்த பாயில் உட்கார்ந்திருந்த கிழவிகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் மூச்சிரைத்தபடி பிளக்கோடு நிற்கிற ஆளை வேறெப்படிப் பார்ப்பது?

நான் ஏன் அப்படி ஓடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு தானத்துக்கு இதே வயரும் பாய்லரும் போனபோது, அந்த வீட்டு டிரிப் சுவிட்ச் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று விழுந்தது. பிக்குமாருக்குச் சோறு பரிமாறும் நேரம். விசிறிகள் நின்றுவிட்டன. சங்கத் தலைவர் என் காதில் வந்து, "மின்சாரப் பொறுப்பாளர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். மின்சாரப் பொறுப்பாளர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே மூன்று வயர். பழுப்பும் நீலமும் கரண்டைக் கொண்டுவந்து கொண்டுபோகின்றன, அது தெரியும். பச்சையில் மஞ்சள் கோடு போட்ட மூன்றாவது ஒரு வேலையும் செய்யாமல் உபதலைவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதை வெட்டிவிட்டேன். டிரிப் சுவிட்ச் அதற்குப் பிறகு விழவே இல்லை. பலகாரத்தோடு பாராட்டும் கிடைத்தது. என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தொழில் ரகசியம் என்று சொல்லியிருப்பேன்.

பிறகொரு நாள் சைக்கிள் டியூப் மாற்ற வந்த ஒரு ஆள், வயரிங் வேலை செய்கிறவர், பேச்சுவாக்கில் விளக்கினார். ஒரு சாமானின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டுபோவது அந்த மூன்றாவது வயர். அப்படிப் போகும்போதுதான் டிரிப் சுவிட்ச் விழும். அது விழுவது நல்லது என்றார். நான் தலையாட்டினேன். சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்தேன். அடுத்த சாவுக்குள் வயரைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் நாலு மாதமாக ஊரில் யாரும் சாகவில்லை. வயரும் சங்கக் களஞ்சியத்தில் சுருண்டு கிடந்தது. என் முடிவும் அதன் பக்கத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டது.

அந்தக் கசிவுக்கு இன்று மண்ணுக்குப் போக மிச்சமிருந்த வழி சுமனாவின் கை, சுமனாவின் வெறுங்கால்.

"ஏன் பிடுங்கினே?" சங்கத் தலைவர் விறாந்தைக்கு வந்துவிட்டார். பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரின்சிபால் மஹத்தயா என்றுதான் கூப்பிடுவோம். சாவு வீட்டிலும் காலைக் கூட்டத்தில் பேசுவது போலவே பேசுவார். "அஞ்சு மணிக்கு விகாரையில இருந்து ஹாமுதுருமார் வர்றாங்க. மைக் வேணும். இருட்டினா கூடாரத்துக்கு லைட் வேணும். தேத்தண்ணி இப்பவே வேணும்."

"வயர் பழுது, மஹத்தயா. திருத்தாம குடுக்க மாட்டேன்."

"ஒரு சுத்து டேப் சுத்து."

"டேப் சுத்தித்தான் இந்த நிலைமை."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஆகிற நேரம் ஆகும்."

என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில் அவரைவிட நான்தான் அதிகம் அதிர்ந்தேன். அவரிடம் ஐந்தாம் வகுப்பில் முழங்கால் போட்டிருக்கிறேன்.

சுமனா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, அதுவரைக்கும் நான் வீட்ல போய் ஒரு கேத்தல் தண்ணி வெக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு போனாள். எங்கள் வீடு நாலு வீடு தள்ளி.

நான் முன் விறாந்தையில் காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் வேலையாக பிளக்கைச் சாரத்தின் இடுப்பு முடிச்சில் சொருகி இறுக்கினேன். கூட்டம் இருக்கிற வீடு. நான் ஒரு முனையில் கை வைத்திருக்கும்போது மறுமுனையை யாராவது சொருகிவிட்டால் மார்ட்டின் மாமாவுக்குத் துணையாகப் போக வேண்டியதுதான். பிறகு வயரை முழுசாக அவிழ்த்துப் பரப்பி, பிளக் பக்கமிருந்து ஒவ்வொரு சாணாகத் துணியால் துடைத்து, விரலால் தடவிக்கொண்டே போனேன்.

"திலக் அய்யே, வால் முளைச்சிருக்கு உங்களுக்கு." ஆட்டோ ஓட்டுகிற பியசிரி. கேரம் ஆட வந்தவன், அண்ணன் முறையில் என்னை அய்யே என்பான்.

"நல்ல வால்தான். நீ போய் ஆடு."

போனவன் ஆடப் போகவில்லை. அந்த வால் எதுவென்று கவனிக்காதவன், கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கத்தினான்: "பிளக் எங்கடா போச்சு? தேத்தண்ணி போடலாம்னு பார்த்தா சாக்கெட் வெறுமனே இருக்கு!"

"என் இடுப்பில இருக்கு! நான் உயிரோட இருக்கும்வரை இங்கதான் இருக்கும்!"

கிழவிகள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

பத்தாவது அடியில் என் கைவண்ணம் அகப்பட்டது. முன்னொரு சாவில் கதவிடுக்கில் நசுங்கிய இடம். அறுந்த நுனிகளை முறுக்கி, அதன்மேல் ரொட்டி வாங்கிய பாண் பை சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். டேப் வியர்த்துப் பிசுபிசுத்தது. உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. நாலு துளைப் பலகையில் ஒரு துளையில் பேனா மூடி ஒன்று மாட்டிக் கிடந்தது. இரண்டு கால் பிளக்கைச் சதுரத் துளைக்குள் தள்ள மேல் துளையில் பேனாவைக் குத்துகிற வித்தை எங்கள் நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதையும் பிடுங்கி எறிந்தேன். மிச்சத் தொண்ணூறு அடியும் வழுவழுவென்று இருந்தது.

கடைசியாக பிளக்கைக் கழற்றித் திறந்தேன். வெட்டிய பச்சை வயர் குட்டையாக நின்றது. அதைப் பார்க்கத் தயாராகத்தான் இருந்தேன். பியூஸைப் பார்க்கத் தயாராக இல்லை. எரிந்துபோன பியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். இதைச் செய்த முட்டாள் யார் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன். பிறகு சிகரெட்டின் பெயரைப் பார்த்தேன். நான் குடிக்கிறது.

ஒட்டுப்போடுவது என் தொழில். டியூபில் பதினைந்து ஒட்டுவரை போட்டு ஓட விட்டிருக்கிறேன். ஆனால் இந்த ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு போடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒட்டுக்கு அந்தப் பக்கம், நல்ல இடமாகப் பார்த்து, குறடால் ஒரே நறுக்கு. பதினோரு அடி போயிற்று.

"சங்கத்து வயர் நூறடின்னு பதிவு இருக்கு" என்றார் பிரின்சிபால் மஹத்தயா, தலைக்கு மேலிருந்து.

"இனிமே எண்பத்தொன்பதுன்னு எழுதுங்க. மஹத்தயா, உங்க வீட்டு அயர்ன் பாக்ஸ் எங்க?"

"எதுக்கு?"

"அதுல இருக்கிற பியூஸ் வேணும்."

அவர் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நாளை எரியூட்டலுக்கு மறுபடியும் தேய்க்க வேண்டுமே என்ற கவலை முகத்தில் ஓடியது. ஆனாலும் மனிதர் போய் எடுத்துவந்தார், பெட்டியும் கையுமாக, அதைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. பியூஸின் வயிற்றில் பதின்மூன்று என்று போட்டிருந்தது. சரியான எண்தான்.

புது நுனியில் மேல்தோலை மட்டும் அளவாகச் சீவினேன், உள்ளே இருக்கிற மூன்றின் தோலில் கத்தி படாமல். பச்சையை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டேன். யாராவது இழுத்தால் கடைசியாகப் பிய்வது அதுவாக இருக்கட்டும். செம்பு இழைகளை முறுக்கி, ஒரு மயிர் வெளியே நீட்டாமல் உள்ளே நுழைத்து, பழுப்பு பியூஸ் பக்கம், நீலம் எதிர்ப்பக்கம், பச்சை மேலே பெரிய காலுக்கு என்று மாட்டி, ஒவ்வொரு திருகையும் முறுக்கிவிட்டு இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மேல்தோலை உள்ளேவரை கொண்டுவந்து பிடியில் இறுக்கினேன். இதையெல்லாம் அந்த வயரிங் ஆள் காற்று அடிக்கிற நேரத்துக்குள் சொன்னார். எனக்கு அத்தனையும் ஞாபகம் இருந்ததுதான் அவமானம். பலகையையும் திறந்து அந்த மூன்று திருகையும் முறுக்கினேன்.

"முடிஞ்சுதா?" பியசிரி.

"இல்ல."

"மாட்டிட்டீங்களே!"

"இன்னும் கேட்கல அதுகிட்ட."

சைக்கிள் விளக்கு ஒன்றையும் டார்ச் பேட்டரி இரண்டையும் ஒரு துண்டு வயரால் கோத்தேன். ஒரு நுனியை பிளக்கின் மேல் காலில் வைத்து, மறு நுனியைப் பலகையின் மேல் துளையில் நுழைத்தேன். விளக்கு எரிந்தது. மற்ற இரண்டு காலுக்கும் அதே மாதிரி எரிந்தது, இடம் மாற்றி வைத்தால் எரியவில்லை. மூன்று வயரும் தத்தம் இடத்துக்கு ஒழுங்காகப் போகின்றன, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நாலு துளையையும் இப்படிப் பார்த்தேன். பியசிரி கேரம் காயைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்திவிட்டான். "எரியுது அய்யே, எரியுது" என்று ஒவ்வொரு முறையும் சொன்னான். நல்ல மனுசன்.

நாலரை மணிக்கு சுவரில் சொருகி சுவிட்சைப் போட்டேன். டிரிப் சுவிட்ச் அசையவில்லை. கூடாரத்து விளக்குச் சரத்துக்குப் பொருத்தமான அடாப்டர் தேடிப் போட்டு மாட்டினேன். எரிந்தது. மைக்கை மாட்டினேன். பியசிரி அதில் "ஹலோ ஹலோ" என்றான். யாரோ கைதட்டப் போய், சாவு வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

எல்லோரையும் நாலடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாய்லரின் பிளக்கை மாட்டினேன்.

டக்.

விளக்கு, மைக், உள்ளே மார்ட்டின் மாமாவின் தலைமாட்டில் வைத்திருந்த விசிறி, எல்லாம் போயிற்று.

"இப்ப முழுசாவே கெடுத்தாச்சு" என்றார் பிரின்சிபால் மஹத்தயா.

பாய்லரைக் கழற்றிவிட்டு டிரிப் சுவிட்சைத் தூக்கினேன். எல்லாம் எரிந்தது. மறுபடி பாய்லரை மாட்டினேன். டக்.

"வயர் சரி, மஹத்தயா. பாய்லர்தான் கசியுது."

"காலையில இருந்து கொதிச்ச பாய்லர்!"

"கொதிச்சது உண்மை. கடிச்சதும் உண்மை."

அவர் என் தோளில் கை வைத்தார். குரலைத் தணித்தார். எனக்கு அவரிடம் கிடைத்த அன்பான வார்த்தைகள் மிகக் குறைவு, அதில் ஒன்று அன்று வந்தது. "திலக்கே, நீ கெட்டிக்காரன். போன தானத்தில இதே மாதிரி விழுந்துச்சு. நீ ரெண்டு நிமிசத்தில சரிபண்ணினே. அன்னிக்கு என்ன செஞ்சியோ அதையே செய். ஹாமுதுருமார் வர்ற நேரம்."

விறாந்தையில் முப்பது நாற்பது பேர். எல்லோருக்கும் தேத்தண்ணி வேண்டும். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பத் தயாராக இருந்தார்கள். குறடு கையில். ஒரே ஒரு நறுக்கு.

"அன்னிக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன்.

"என்ன தப்பு?"

"பச்சை வயர வெட்டினேன். கரண்ட் மண்ணுக்குப் போற வழிய அடைச்சேன். டிரிப் சுவிட்ச் விழுந்தது இந்த பாய்லர் பழுதுன்னு சொல்லத்தான். நான் அதோட வாயப் பொத்திட்டு உங்ககிட்ட பலகாரம் வாங்கித் தின்னேன். தப்புன்னு தெரிஞ்சும் நாலு மாசம் சும்மா இருந்தேன். இன்னிக்குக் காலையில இருந்து சுமனா, சோமலதா, இந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் அந்த பாய்லரத் தொட்டாங்க. ஆள் போகலங்கிறது என் கெட்டிக்காரத்தனமில்ல."

  சோமலதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலில் அந்த ரப்பர் செருப்பு. அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அடப்பாவி" என்றாள், மெதுவாக. "எங்க அப்பாவோட சேர்த்து எங்களையும் ஒரே கூடாரத்தில முடிச்சிருப்பியே."

நான் பாய்லருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"சரி சரி," பிரின்சிபால் மஹத்தயா செருமினார். "அத பொதுக்கூட்டத்தில பேசலாம். இப்போதைக்கு, செருப்பு போட்டுக்கிட்டு, கவனமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

பாய்லரின் பிளக் கழற்றித்தான் இருந்தது. அதன் வயரைப் பிடித்து, பாய்லரின் வயிற்றோடு ஒட்ட வைத்து, குறடால் நறுக்கினேன். துண்டைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சங்கத்துச் சொத்து!" அவர் குரல் உச்சத்துக்குப் போனது. "தீர்மானம் இல்லாம சங்கத்துச் சொத்த நாசம் பண்ணியிருக்கே!"

"விசாரணை வைங்க. வர்றேன். முழங்கால் போடச் சொன்னாலும் போடுறேன். இனிமே இத யாரும் மாட்ட முடியாது."

"அப்ப தேத்தண்ணி?"

"என் வீட்ல அடுப்பு எரியும். நான் சுமக்கிறேன்."

"நாளைக்கு எரியூட்டல் முடியிற வரைக்குமா?"

"முடியிற வரைக்கும்."

ஓடாமல் நடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மழையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பியசிரியின் ஆட்டோ வாசலிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் என் கண்ணைப் பார்க்காமல் ஹாரனை மட்டும் அடித்துவிட்டுப் போனான். ஆக, செய்தி எனக்கு முன்னால் வீடு சேர்ந்துவிட்டது.

சுமனா அடுப்படியில் இருந்தாள். தென்னம்பாளை எரிந்தது. பெரிய கேத்தல் கொதித்து மூடி தாளம் போட்டது. ஏற்கனவே இரண்டாவது அடுப்பையும் மூட்டி அண்டாவை ஏற்றியிருந்தாள். இஞ்சி நசுங்கிக்கொண்டிருந்தது, தேவைக்கு மேல்.

நான் நிலைப்படியில் நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்த வாக்கியங்கள் நாலு இருந்தன. முதலாவதை ஆரம்பித்தேன்.

"சுமனா..."

"எந்தக் கையால வெட்டினீங்க?"

"என்ன?"

"அந்தப் பச்சை வயர. எந்தக் கையால?"

வலது கையை நீட்டிக் காட்டினேன். அவள் எழுந்து வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். காலையில் எறும்பு ஊர்ந்த அவள் விரல்கள் சூடாக இருந்தன. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  கையை விட்டுவிட்டு அடுப்பிலிருந்து கேத்தலை இறக்கி, பிடியில் துணி சுற்றி, அந்தக் கையிலேயே கொடுத்தாள். கல் மாதிரி கனம்.

"தளும்பாம போங்க" என்றாள். "சோமலதாவுக்கு முதல்ல ஊத்துங்க. அடுத்தது அஞ்சு நிமிசத்தில கொதிச்சிடும்."